சிவப்புக் கொடிக்கு நாலு கையெழுத்து

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். திருவொற்றியூரில் ஒரு வங்கி. நல்ல ஏசி. மேலாளர் மேஜைக்கு எதிரே நாலு நாற்காலி. நாலிலும் நாங்கள்.

எங்களில் ஒருவர் மேல் மீன் வாசனை. சாதாரண வாசனை இல்லை. பல நாள் கடலில் கிடந்துவிட்டு அன்று காலைதான் கரை ஏறியவரின் வாசனை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் நன்றாகவே தள்ளி நின்றார்கள். அந்த வங்கியில் வரிசை அவ்வளவு ஒழுங்காக இருந்து நான் பார்த்ததில்லை.

மேலாளர் அம்மா ஒரு காகிதத்தை எங்கள் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்துப் போடுங்க. அவ்வளவுதான்."

யாரும் போடவில்லை.

ஏன்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்துப் பழக்கப்பட்டவன். சீக்கிரம் எடுத்துவிடுவேன்.

எங்கள் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் ரோட்டுக்கு மேற்கே. பாதி வீடுகள் கிழக்கே, கடல் பக்கம். நடுவில் எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எல்லாம் அதில்தான். நானும் அதில்தான்.

அந்த லாரிகள் ஓடினாலும் ஆபத்து, நின்றாலும் ஆபத்து. நின்றால் இரண்டு லாரிக்கு நடுவில் பிள்ளைகள் புகுந்து வருவார்கள். முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற தலை மேலே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. எத்தனை வருஷம் ஓட்டியிருந்தாலும் தெரியாது.

போன வருஷம் ஒரு பிள்ளையின் சைக்கிள் லாரிக்கு அடியில் போனது. பிள்ளை போகவில்லை. சைக்கிளோடு முடிந்தது.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் கூட்டம். ஆளாளுக்குப் பேசினார்கள். கடைசியில் ஸ்டெல்லா பேசினார். ராயபுரத்தில் பிறந்தவர். கணவர் ரயில்வே. ரயில் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல்.

"இன்னாத்துக்கு இம்மாம் பேச்சு? ஆளு ஒண்ணு போடணும். காலைல, சாயங்காலம் சிவப்புக் கொடி பிடிச்சுகினு நிக்கணும். புள்ளைங்கள இந்தாண்ட இருந்து அந்தாண்ட இட்டுகினு போவணும். அவ்ளோதான மேட்டரு?"

மேட்டர் அவ்வளவுதான். சம்பளம் யார் கொடுப்பது?

பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டு இருக்கிறது. லாரிகள் வரிசை கட்டுவது அவர்கள் கேட்டுக்குத்தான். அங்கே போனோம். சண்டை போடத் தயாராகப் போனோம். ஸ்டெல்லா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டே வந்தார். யார்டு அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, ஒரு வருஷச் சம்பளம் நாங்க கொடுத்துடறோம்" என்றார்.

சண்டைக்குப் போனவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம்.

ஒரே ஒரு நிபந்தனை. கேஷ் கிடையாது. சங்கம் பேரில் பேன் கார்டு வேண்டும். சங்கம் பேரில் வங்கிக் கணக்கு வேண்டும். சம்பளமும் அந்தக் கணக்கிலிருந்து செக்காகத்தான் போக வேண்டும்.

எல்லாம் சரி. சங்கம் எங்கே?

பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே ஒரு பெற்றோர் ஆசிரியர் கழகம் உண்டு. ஆனால் அது காம்பவுண்டு சுவருக்கு உள்ளே. ரோடு அதில் வராது. அதனால் நாங்களே தனியாக ஒரு பெற்றோர் சங்கம் ஆரம்பித்தோம்.

ஸ்டெல்லா தலைவர். அதில் போட்டியே இல்லை. பொருளாளர், மொத்த மளிகைக்கடை அண்ணாச்சி. திருச்செந்தூர் பக்கத்துக்காரர். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்தானே, உட்காரட்டும் என்றார்கள். செயலாளர் நான். பத்திரிகையில் எழுதுகிறவன்தானே, எழுதட்டும் என்றார்கள். படித்தது எட்டாவது வரைக்கும்தான் என்றேன். போதும் என்றார்கள். துணைச் செயலாளர் தேசிங்கு. காசிமேட்டிலிருந்து லாஞ்சில், அதாவது விசைப்படகில், ஆழ்கடலுக்கு மீன் பிடிக்கப் போகிறவர். டீ குடிக்க எழுந்து போனார். திரும்பி வருவதற்குள் பெயரை எழுதிவிட்டார்கள்.

பதிவு அலுவலகத்துக்கு அலைந்த கதையை விட்டுவிடுகிறேன். உங்களுக்கும் அலைந்த அனுபவம் இருக்கும். ஒரு வழியாகப் பதிவுச் சான்றிதழ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நாலு பேரும் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். பேன் கார்டுக்கு.

சென்டர் நடத்துகிற பெண் கேட்டது: "ஸ்ரீயா, ஸ்ரீமதியா, குமாரியா?"

"யாரு?" என்றார் அண்ணாச்சி.

"உங்க சங்கம்தான். அது தனி ஆளு இல்லைல்ல? அப்ப வேற ஒண்ணு இருக்கு, அதைப் போடறேன். பிறந்த தேதி?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"பதிவு பண்ணின தேதிதான் சார். அதுதான் சங்கம் பிறந்த தேதி."

தேசிங்குக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "பார்றா! அப்ப இதுக்கு பர்த்டே எல்லாம் கீது. நமக்கே ஆஸ்பத்திரில குத்துமதிப்பாதான் எழுதி வச்சானுங்கோ."

கார்டு அண்ணாச்சி கடை விலாசத்துக்கு வந்தது. போட்டோ இல்லை. சங்கத்துக்கு ஏது முகம்? "மூஞ்சியே இல்லாத கார்டுக்கு இம்மாம் அலைச்சலா?" என்றார் ஸ்டெல்லா. அண்ணாச்சி அதற்கு பிளாஸ்டிக் உறை போட்டு, கல்லாவுக்கு மேலே சாமி படங்களுக்கு நடுவில் வைத்துவிட்டார். சந்தனமும் வைத்துவிட்டார்.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

"அது இன்னா உங்க வூட்டு கார்டா அண்ணாச்சி?" என்றார் ஸ்டெல்லா.

"பத்திரமா இருக்கட்டும்னுதாம்மா வச்சேன். நான் என்ன தின்னுட்டா போயிருவேன்?"

"கார்டே சாமிகிட்ட போய்ட்சி. நாளைக்கு துட்டு வந்தா எங்க போவும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நாலு பேருக்கும் உள்ளே ஏதோ உட்கார்ந்துவிட்டது. காரணம் உண்டு. ரொம்ப நாளைக்கு முன்னால் விளையாட்டு விழாவுக்கு பனியன் வாங்க ஒருவர் வசூல் செய்தார். அப்புறம் பனியனையும் பார்க்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை.

தேசிங்குதான் யோசனை சொன்னார்.

"எங்க குப்பத்துல பொதுப் பெட்டி ஒண்ணு கீது மாமு. திருவிழா செலவுக்கு. அதுக்கு நாலு பூட்டு. நாலு வூட்ல நாலு சாவி. நாலு பேரும் வந்தாத்தான் பெட்டி தொறக்கும். எங்க அப்பன் காலத்துல இருந்து ஒரு சண்ட கெடையாது."

அடடா, என்ன யோசனை! எல்லோருக்கும் பிடித்துவிட்டது. வங்கிக்குப் போனோம். நாலு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செக் செல்லும் என்றோம்.

மேலாளர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "நாலு பேருமா? யாராவது ரெண்டு பேர் போட்டா போதும்னு வைக்கலாமே. எல்லாரும் அப்படித்தான் வைப்பாங்க."

"வேணாம் மேடம்" என்றோம். நாலு பேரும் ஒரே குரலில். சங்கத்தில் நாங்கள் ஒற்றுமையாகச் சொன்னது அது ஒன்றுதான்.

யார்டு பணம் கணக்கில் ஏறியது. ஜாம் ஜாம் என்று வேலை தொடங்கியது. கொடி பிடிக்க மல்லிகா வந்தாள்.

மல்லிகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடல் பக்கத்து வீடு. பிள்ளை இல்லை, புருஷனும் இல்லை. இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை. நாள் முழுக்க ஐஸில் கை. விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். எங்கள் வேலைக்காக அதை விட்டுவிட்டு வந்தாள். பச்சை நிறத்தில் பளபளக்கிற கோட்டு, கையில் சிவப்புக் கொடி, வாயில் விசில். முதல் நாளே ரோடு அவள் கைக்கு வந்துவிட்டது. லாரிக்காரர்கள் எத்தனை பேரைப் பார்த்தவர்கள்! அவளைப் பார்த்ததும் பிரேக்கில் கால் வைத்தார்கள். நான் உட்பட.

"இன்னாடா முறைக்கிற? உன் வண்டி பெர்சா, என் புள்ள பெர்சா?" இது அவள் எல்லா டிரைவரிடமும் கேட்கிற கேள்வி. பதில் சொன்னவன் யாரும் இல்லை.

மாசம் முடிந்தது. சம்பள நாள். நான் செக் எழுதினேன். ஸ்டெல்லா போட்டார். அண்ணாச்சி போட்டார். நான் போட்டேன். தேசிங்கு?

கடலில்.

லாஞ்சு போனால் இத்தனை நாளில் வரும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. மீன் கிடைத்தால் வரும். கிடைக்காவிட்டால் இன்னும் தள்ளிப் போகும். இதை யோசித்தோமா? குப்பத்துப் பெட்டியில் சாவி இருப்பது வீட்டில். ஆள் கடலுக்குப் போனால் அவர் பெண்டாட்டி எடுத்துக்கொண்டு வருவார். கையெழுத்தை யார் எடுத்துக்கொண்டு வருவது?

ஏமாறாமல் இருக்க நாலு பூட்டுப் போட்டோம். நன்றாகத்தான் போட்டோம். மாட்டியது மல்லிகா.

ஒரு வாரம் ஓடியது. மல்லிகா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது கேட்பதைவிடக் கஷ்டம். அண்ணாச்சி கடையில் அரிசி, பருப்பு கடனாகக் கொடுத்தார். வீட்டு வாடகையை அரிசியில் கொடுக்க முடியுமா?

சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவள் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, இறால் கம்பெனிக்காரன் கூப்பிட்டு வுட்டான். புதன்கிழமை வந்தா வேலை கீதாம். இல்லாங்காட்டி வேற ஆளு போட்ருவானாம்."

"சம்பளத்தை நான் என் கையிலிருந்து கொடுத்துடறேன்மா."

"அது சம்பளமா, கடனா?"

நான் பர்ஸை எடுத்தேன். கையைக் காட்டித் தடுத்தாள்.

"அடுத்த மாசமும் உன் கையில இருந்துதான் வருமா? அதுக்கு அடுத்த மாசம்?" கொடியைச் சுருட்டினாள். "இது வேலையா இல்லையான்னு மட்டும் சொல்லுண்ணே. வேலைன்னா நிக்கிறேன். தருமம்னா வேணாம்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வருமா வராதா என்று கேட்பது போலக் கேட்டாள். அதுதான் உறுத்தியது.

ஞாயிறு போனது. திங்கள் போனது. செவ்வாய்க்கிழமை காலையில் லாஞ்சு வந்துவிட்டது என்று போன். செக்கை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு காசிமேட்டுக்கு ஓடினேன்.

மீன்பிடித் துறைமுகத்தில் காலை நேரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? காது கேட்காது, கால் வைக்க இடம் இருக்காது. தேசிங்கு பெட்டி பெட்டியாக மீன் இறக்கிக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார்.

"இன்னா மாமு, வூட்ல எதுனா...?"

"வீட்ல ஒண்ணும் இல்ல. கையெழுத்து."

"இதுக்கா இப்டி ஓடியாந்த? கஞ்சி குடிச்சியா?"

ஐஸ் பெட்டி மேல் செக்கை வைத்தேன். கையை லுங்கியில் துடைத்தார். லுங்கி கையைவிட ஈரம். வலை இழுத்து வீங்கிய விரலால் ஒரே இழுப்பில் போட்டார். செக்கின் ஓரத்தில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டது. பளபளவென்று இருந்தது.

நேராக வங்கி. கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். செக்கைப் பார்த்தார். செதிலை நகத்தால் எடுத்துப் போட்டார். எழுந்து மேலாளரிடம் போனார். மேலாளர் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"இது அவர் கையெழுத்து இல்லையே."

கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கணக்கு ஆரம்பித்த அன்று தேசிங்கு போட்ட கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தாக, மூச்சுப் பிடித்துப் போட்டது. கோலம் மாதிரி இருந்தது. செக்கில் இருந்தது அலை மாதிரி இருந்தது.

"மேடம், அவர் போட்டதுதான். நான் பக்கத்துலதான் நின்னேன்."

"நீங்க நின்னீங்க சார், நான் நிக்கலையே. அவரை நேர்ல வரச் சொல்லுங்க. மத்தவங்களையும் வரச் சொல்லுங்க. நாலு பேரும் இருந்தா ஒரு கடிதம் கொடுத்து இந்த நாலு கையெழுத்து ஏற்பாட்டையே மாத்திடலாம். ஒவ்வொரு மாசமும் இப்படி ஓடுவீங்களா?"

நியாயமான கேள்வி. எல்லோருக்கும் போன் போட்டேன். மல்லிகாவுக்கும் சொன்னேன். அவளுடைய சம்பளம், அவள் வரட்டும்.

ஸ்டெல்லா வந்தார். அண்ணாச்சி கடையைப் பாதி மூடிவிட்டு வந்தார். தேசிங்கு குளிக்காமல் வந்தார். "குளிச்சுட்டு வந்தா பேங்க் மூடிருவான்" என்றார். மல்லிகா பச்சைக் கோட்டோடு வந்து பின்னால் சுவரோரம் நின்றாள்.

புது செக் எழுதி நாலு பேரும் போட்டோம். தேசிங்கு கோலம் போட்டார். அது முடிந்தது. பிறகுதான் அந்தக் கடிதம். இனிமேல் நாலு பேரில் யாராவது இரண்டு பேர் போட்டால் போதும். அதைத்தான் மேலாளர் அம்மா எங்கள் பக்கம் தள்ளினார். அதில்தான் யாரும் கை வைக்கவில்லை.

"யாராவது ரெண்டு பேர்னா... எந்த ரெண்டு பேரு மேடம்?" என்றார் அண்ணாச்சி.

"யாராவது ரெண்டு பேர்."

"அதான், எந்த ரெண்டு பேருன்னு கேக்கேன்."

"எந்த ரெண்டு பேரா இருந்தாலும் சரி சார்."

அண்ணாச்சி என்னையும் ஸ்டெல்லாவையும் பார்த்தார். ஸ்டெல்லா என்னையும் அண்ணாச்சியையும் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை என்று எழுத ஆசை. பார்த்தேன்.

"நான் கடலுக்குப் போய்ட்டா" என்றார் தேசிங்கு மெதுவாக, "நீங்க மூணு பேர்தான் இங்க. எனக்கு இன்னா நடக்குதுன்னே தெரியாது."

"நீ அங்க புடிக்கிற மீனுக்கு நாங்க கணக்கு கேட்டமா?" என்றார் ஸ்டெல்லா.

"மீனு எங்களுது. துட்டு புள்ளைங்களுது."

"அப்ப நாங்க திருடங்களா?"

"நான் அப்டி சொன்னனா? மாமு, நான் அப்டியா சொன்னேன்?"

"தம்பி, கொஞ்சம் பையப் பேசுங்க" என்றார் அண்ணாச்சி. "எல்லாரும் பாக்காவ."

வரிசை மொத்தமும் எங்களைத்தான் பார்த்தது. மேலாளர் அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். கடிதம் மேஜையில் கிடந்தது. ஏசி காற்றில் ஓரம் லேசாகத் தூக்கியது. அண்ணாச்சி அதன் மேல் பேனாவை வைத்தார். கையெழுத்துப் போட இல்லை, பறக்காமல் இருக்க.

சுவரோரத்திலிருந்து மல்லிகா வந்தாள்.

"ஸ்கூல் வுடற நேரம் ஆவுது" என்றாள். "நான் போவணும். இன்னிக்கு சம்பளம் கெட்ச்சிடுச்சி, சந்தோஷம். நாளைக்கு நான் ரோட்டுக்குப் போவணுமா, இறால் கம்பெனிக்குப் போவணுமா? அத்த மட்டும் சொல்லுங்க. போய்ட்டே இருக்கேன்."

அண்ணாச்சி பேனாவை நகர்த்தி நேராக வைத்தார்.

அவள் தேசிங்கைப் பார்த்தாள். "இந்தாண்ணே. உம் பொண்ணு ஸ்கூல் பை எம்மாம் கனம் தெரியுமா உனக்கு?"

தேசிங்கு முழித்தார்.

"தெரியாதுல்ல? நீதான் கடல்ல கீறியே. எனக்குத் தெரியும். நான்தான் தெனம் தூக்கினு க்ராஸ் பண்றேன். இந்த மூணு பேருகிட்ட துட்ட நம்பி வுட மாட்டேன்ற. எங்கிட்ட பொண்ணையே வுட்டுட்டுப் போறியே, எத்த வச்சு வுட்ட?"

டோக்கன் கூப்பிடுகிற மிஷின் ஏதோ நம்பரைச் சொன்னது. யாரும் போகவில்லை.

தேசிங்கு பேனாவை எடுத்தார். குனிந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். கம்ப்யூட்டரில் இருந்தது போலவே வந்தது. மேலாளர் அம்மாவே தலையாட்டினார்.

எங்கள் நாலு பேரில் அதிகம் பயப்பட வேண்டியவர் அவர். கரையில் இருக்க மாட்டார், பார்க்க மாட்டார். அவரே போட்டுவிட்டார். அதற்கு மேல் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியுமா? ஸ்டெல்லா பேனாவைப் பிடுங்கினார். அப்புறம் அண்ணாச்சி. கடைசியில் நான்.

"போலாமா?" என்றாள் மல்லிகா.

"ரோட்டுக்குத்தான் தாயி" என்றார் அண்ணாச்சி. "நாளைக்கும் அதுதான்."

அவள் ஓடினாள். கண்ணாடிக் கதவு வழியே பச்சைக் கோட்டு கொஞ்ச தூரம் தெரிந்தது.

நம்பிக்கை வந்து கையெழுத்துப் போட்டோமா, வெட்கம் வந்து போட்டோமா, ஸ்கூல் விடுகிற நேரம் என்று போட்டோமா... யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. நம்பிக்கை எல்லா இடத்திலும் இப்படித்தான் வருகிறதோ என்னவோ. முழுசாக வந்த பிறகு கையெழுத்துப் போடலாம் என்று காத்திருந்தால் எந்தச் சங்கமும் ஆரம்பித்திருக்காது. கல்யாணம்கூட நடந்திருக்காது.

மறுநாள் புதன்கிழமை. காலையில் லோடு ஏற்றிக்கொண்டு அதே ரோட்டில் வந்தேன். பள்ளிக்கூடம் எதிரே சிவப்புக் கொடி. நின்றேன். மல்லிகா என் வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். செயலாளர்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பிள்ளைகள் போனார்கள். தேசிங்கு மகள் கையை வீசிக்கொண்டு போனது. பை மல்லிகா தோளில். எல்லோரும் போன பிறகு ஒரு வாண்டு நடு ரோட்டில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்தது. முதலில் வலது. பிறகு இடது. பிறகு மறுபடி வலது. மல்லிகா அவசரப்படுத்தவில்லை. கொடியையும் இறக்கவில்லை.

பின்னால் இருந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். அவனுக்குப் பின்னால் இருந்தவனும் அடித்தான்.

நான் அடிக்கவில்லை. சம்பளம் கொடுத்து வைத்த ஆள் வேலை செய்யும்போது குறுக்கே பேசலாமா?